கேள்வி–பதில்: யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாம் ஒரே கவலையைச் சுற்றியவை. ஒரு வேலையை உட்கார்ந்து முடிக்க இடைவிடாத நேரம் கிடைப்பதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வட்டாரத்து வாசகர்கள் எழுதிய ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம். பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். மாதம் பிறந்தால் செக்ரோல் (ஆள்வருகை, கூலிப் பதிவேடு), சம்பளக் கணக்கு. ஆனால் முன்னால் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. மண்டோர் (கங்காணி) செம்பனைக் குலைக் கணக்கு கொண்டுவருவார், மில்லிலிருந்து எடைச்சீட்டு வரும், வேலை பெர்மிட் பற்றிக் கேட்க ஒருவர் நிற்பார், மேனேஜர் போனில் அழைப்பார். கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் முடிக்கிறேன். கணக்கிலும் தவறு வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் தேதியைப் பாருங்கள் ஐயா. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சேமநிதி, சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிதி), மாத வரிப் பிடித்தம் மூன்றுக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதி கெடு. ஆகவே உங்கள் நெருக்கடி நாள்கள் திடீரென்று வருபவை அல்ல. ஆண்டு முழுவதற்கும் இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடலாம். ஒவ்வொரு மாதமும் 1 முதல் 5 வரை காலை இரண்டு மணி நேரம், பிறகு 9, 10 தேதிகளில் ஒரு மணி நேரம். மற்ற நாள்களில் கதவு திறந்தே இருக்கட்டும். மாதம் முழுதும் தொந்தரவு வேண்டாம் என்று கேட்டால் யாரும் மதிக்கமாட்டார்கள். ஐந்து நாள் காலை என்று கேட்டால் மதிப்பார்கள்.

எந்த இரண்டு மணி நேரம்? அதை ஊகிக்க வேண்டாம். மூன்று நாள் ஒரு தாளில் குறித்துவையுங்கள்: யார் வந்தார், எத்தனை மணிக்கு, எதற்கு. பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் காட்டுக்குப் போனபின், மேனேஜர் வெளிக்காட்டைச் சுற்றிவிட்டுத் திரும்புவதற்கு முன் ஓர் அமைதி பெரும்பாலான தோட்டங்களில் உண்டு. உங்கள் தோட்டத்தில் அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை அந்தத் தாளே காட்டும்.

அந்த நேரத்தில் எதைச் செய்வது என்பதும் முக்கியம். கோப்பு அடுக்குவது, எடைச்சீட்டைத் தேதிப்படி வைப்பது, கடிதம் அடிப்பது எல்லாம் பாதியில் நின்றாலும் கெடாத வேலைகள். வரிவரியாகப் பதிவது, ஓய்வுநாள் வேலைக்கும் பொது விடுமுறை வேலைக்கும் உரிய விகிதம் போடுவது, கூட்டலைச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் கெடும். வரிசையாகச் செய்யவேண்டிய ஒரு வேலையில் 2.8 விநாடித் தடங்கலே தவறுகளை இரட்டிப்பாக்கியது, 4.4 விநாடித் தடங்கல் மும்மடங்காக்கியது என்று 2014-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. நான்கு விநாடி என்பது தலையை நிமிர்த்தி "என்னங்க?" என்று கேட்கும் நேரம். உங்கள் தவறுகளுக்குக் காரணம் கவனக்குறைவு என்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஒரு வரி விட்டுப்போவதும், ஒரே வரி இருமுறை பதிவதும் இப்படித்தான் நடக்கின்றன. அது ஒரு தொழிலாளியின் சம்பளத்தில் போய் விழுகிறது என்பதால்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்குவது நியாயம்.

கையாள வேண்டிய முறை இது. புத்தகத்தில் பதியும் வரிக்குக் கீழே ஓர் அடிக்கோல் வையுங்கள். யாராவது அழைத்தால், கையிலுள்ள வரியை முடித்து, பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர வேண்டும். எழுந்து போகவேண்டி வந்தால் துண்டுத்தாளில் இரண்டு வரி: எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்து முதலில் என்ன செய்வேன். இது சின்ன விஷயமாகத் தெரியும். சோஃபி லெராய், தெரசா குளோம் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிக் குறிப்பு எழுதிவிட்டு எழுந்தவர்களுக்கு விட்டுவந்த வேலையின் நினைப்பு அடுத்த வேலையில் குறுக்கிடுவது குறைந்தது.

கவுண்டரில் ஓர் அறிவிப்பு ஒட்டுங்கள்: "சம்பளம், பெர்மிட் விசாரணை: பிற்பகல் 2 முதல் 3.30 வரை." தமிழிலும் மலாயிலும் மட்டும் போதாது, உங்கள் தோட்டத்தில் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒருவரைக் கொண்டு எழுதி வாங்குங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் தவறாமல் கவுண்டரில் இருக்க வேண்டும். ஒருநாள் இல்லாமல் போனாலும் மறுநாள் எல்லாரும் காலையிலேயே வந்து நிற்பார்கள். மண்டோர்களிடம் குலைக் கணக்கை மாதக் கடைசியில் மொத்தமாக வாங்காதீர்கள். அன்றன்று, பிளாக் வாரியாக வாங்கினால், நாளுக்கு இருபது நிமிடப் பதிவோடு முதல் வாரத்துச் சுமை பெருமளவு குறைந்துவிடும்.

மேனேஜரிடம் பேசும்போது தேதியோடும் மணியோடும் பேசுங்கள். எதற்கு உங்களை எழுப்பலாம் என்பதையும் முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். விபத்து, அரசு அதிகாரி வருகை இரண்டும் போதும். வேலை நேரத்தையே மாற்றிக்கொள்ள, அதாவது முன்னதாக வந்து முன்னதாகப் போக விரும்பினால், 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டத் திருத்தப்படி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். அதே திருத்தம் வார வேலை நேரத்தை 48-இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. வீட்டுக்குத் தூக்கிப்போகும் செக்ரோலும் வேலைதான் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிறார்களே, அது எல்லாருக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது தமக்காக வகுத்த முறை அது. நான்கு சுற்றுக்குப் பிறகு 15 முதல் 30 நிமிட நீண்ட ஓய்வும் அதில் உண்டு. தொடங்கவே மனம் வராத வேலைக்கு நல்லது. தலைக்குள் பல எண்களை வைத்துக்கொண்டு செய்யும் வேலையிலோ, கணக்கு பிடிபட்ட நேரத்தில் மணி அடித்துவிடும். அதற்கு 50 முதல் 90 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். 1993-இல் பெர்லின் இசைக் கழகத்து வயலின் மாணவர்களை ஆராய்ந்த உளவியலாளர் எரிக்சனின் குழு, சிறந்தவர்கள்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரமே தனிப்பயிற்சி செய்ததைக் கண்டது. எட்டு மணி நேரம் இடைவிடாமல் உழைக்கத் திட்டம் போடுபவர் மூன்றாம் நாளே கைவிடுவார்.

கேள்வி: வீட்டிலேயே தைக்கிறேன். ரவிக்கை, பஞ்சாபி உடை, பக்கத்துக் கம்பத்திலிருந்து பாஜு கூரோங்கும் வரும். வாடிக்கையாளர்கள் நினைத்த நேரத்தில் வருகிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்த முடியாது. தீபாவளிக்கு முன் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது.

பதில்: கதவைச் சாத்த வேண்டாம் அக்கா. உங்கள் வேலையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கொக்கி வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது ஆகியவை பேசிக்கொண்டே செய்யக்கூடியவை. ஆள் வந்தால் கெடாது. மெஷின் தையலில் ஒரு தையல் முடிந்த இடத்தில் நிறுத்தலாம். துணி வெட்டுவது மட்டும்தான் நடுவில் நிறுத்தக்கூடாதது, தவறினால் திரும்பப் பெற முடியாதது. ஆகவே பாதுகாக்க வேண்டியது வெட்டும் நேரத்தை மட்டுமே. வாரத்துக்கு மூன்று காலை, இரண்டு இரண்டு மணி நேரம் போதும்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குள் தேடும் வேலை எதுவும் இருக்கக்கூடாது. முந்தின மாலையே பருத்தி லைனிங் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு, ஒவ்வொரு துணியோடும் அளவுச் சீட்டைக் குண்டூசியால் குத்தி அடுக்கிவிடுங்கள். சந்தேகமுள்ள அளவைப் போனில் கேட்டு முடியுங்கள். சாக்கட்டி, ஸ்கேல், கத்திரி மூன்றும் மேசைமேல். கை பழகியவருக்கு ஒரு லைனிங் ரவிக்கை குறிக்கவும் வெட்டவும் 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும். ஆக ஓர் அமர்வுக்கு மூன்றுக்குமேல் எடுக்காதீர்கள். நான்காவதை அடுக்கினால் கடைசித் துணியில் அவசரம் தெரியும்.

தடங்கலால் வெட்டில் வரும் தவறுகள் பெரும்பாலும் மூன்று. தையலுக்கு விடும் இடத்தைச் சேர்க்க மறப்பது, ஏற்கெனவே சேர்த்ததை மறந்து இன்னொரு முறை சேர்ப்பது, இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது. மூன்றும் கைத்திறன் குறைவால் வருவன அல்ல. எதுவரை செய்தோம் என்பது நினைவிலிருந்து நழுவுவதால் வருபவை. அளவுச் சீட்டின் ஓரத்தில் ஐந்து கட்டம் போடுங்கள்: முன், பின், கை, கழுத்து, தையல் இடம். சாக்கட்டியால் குறித்ததும் ஒன்றொன்றாக டிக் செய்யுங்கள். கட்டம் ஐந்தும் நிறையாமல் கத்திரியை எடுக்கக்கூடாது. தவிர்க்க முடியாமல் எழ வேண்டியிருந்தால், கத்திரியை வெட்டிய கோட்டின் முனையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வருபவர்களுக்கு ஒரு வழி வேண்டும். வாசல் கேட்டில் ஒரு துணிப்பை, பேனா, சீட்டுக் கட்டு தொங்கட்டும். துணி கொடுக்க வந்தவர் பெயரும் என்ன வேண்டும் என்பதும் எழுதிப் போட்டுவிட்டுப் போகலாம். அளவெடுப்பதும் தைத்ததை வாங்குவதும் மாலை 5 முதல் 8 வரை என்று பலகை வையுங்கள். பழைய வாடிக்கையாளர்களுக்குப் பலகை போதாது, ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்ல வேண்டும். "அத்தே, கையில கத்திரி இருக்கு, அஞ்சு மணிக்கு வாங்க, உக்காந்து பேசலாம்" என்றால் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நேரம் சொல்லாமல் "அப்புறம் வாங்க" என்று அனுப்பினால்தான் மனம் வருந்தும்.

வெட்டைக் காலையில் வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். வெளிச்சம் மங்கும், மின்சாரமும் போகலாம். தீபாவளி வேலையின் உச்சம் பெரும்பாலும் அக்டோபர்–நவம்பரில்தான் விழுகிறது. பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே புதிய துணி வாங்குவதை நிறுத்திவிடுங்கள். அந்தத் தேதியைப் பலகையில் இப்போதே எழுதுங்கள்.

கேள்வி: போனை அணைத்துவிட்டு வேலை செய்யச் சொல்கிறார்கள். பிள்ளையை ஆயாவிடம் விட்டிருக்கிறேன். அவர் அழைத்தால் எடுக்காமல் இருக்க முடியுமா?

பதில்: அணைக்கக் கூடாது. பயத்தோடு உட்கார்ந்தால் வேலை ஓடாது. போனில் 'தொந்தரவு செய்யாதே' அமைப்பைத் திறந்து, ஆயா, கணவர், பள்ளி ஆகிய எண்களுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இன்னொரு வசதியும் உள்ளே இருக்கிறது: ஒரே எண் மீண்டும் அழைத்தால் மணி அடிக்கவிடலாம். ஆண்டிராய்டில் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் அழைத்தால் ஒலிக்கும். தெரியாத எண்ணிலிருந்து உண்மையான அவசரம் வந்தாலும் இது காப்பாற்றும். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள்: அவசரம் என்றால் உடனே இருமுறை அழையுங்கள், அதுவும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அல்லாமல் சாதாரண அழைப்பில். அமைத்த அன்றே ஆயாவை அழைக்கச் சொல்லிச் சோதித்துவிடுங்கள். தோட்டத்துக்குள் லைன் கிடைக்காத மூலைகள் உண்டு. அங்கே வைத்தால் எந்த அமைப்பும் உதவாது. லைன் நன்றாக வரும் சன்னலோரத்தில், ஆனால் உங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

புலனக் குழுக்களை வேறுவிதமாகக் கையாளுங்கள். ஒலியை 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வகையில் நிறுத்தலாம். கோயில் குழு, உறவினர் குழு, பழைய மாணவர் குழு மூன்றையும் 'எப்போதும்' என்றே வைத்துக் காப்பகத்துக்குள் தள்ளிவிடுங்கள். உங்களைப் பெயர் குறித்து அழைத்தாலோ உங்கள் செய்திக்குப் பதில் எழுதினாலோ மட்டும் அறிவிப்பு வரும். யாரையும் விட்டு விலகியதாகாது.

கேள்வி: படிவம் 5 மாணவி. வீட்டில் ஆறு பேர், இரண்டு அறை. எட்டரைக்கு நாடகம் ஓடும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படி என்கிறார் அப்பா. ஆறேகாலுக்குப் பள்ளிப் பேருந்து. பகலில் வகுப்பில் தூங்கிவிடுகிறேன்.

பதில்: தூக்கத்தைத் திருடிப் படிக்காதே அம்மா. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். நான்கு மணிக்கு எழ வேண்டுமானால் இரவு எட்டு மணிக்கே படுக்க வேண்டும். உன் வீட்டில் அது நடக்காது. அப்பாவிடம் இதை மணிக்கணக்கோடு எழுதிக் காட்டு, அவர் புரிந்துகொள்வார்.

உனக்குக் கிடைக்கக்கூடிய நல்ல நேரம் பள்ளி முடிந்தபின் பள்ளியிலேயே இருக்கிறது. பாட ஆசிரியரிடமோ நூலகப் பொறுப்பாசிரியரிடமோ கேட்டு, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து எழுத அனுமதி வாங்கு. திரும்பும் பேருந்துக்கு வழி இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள். வீட்டில் ஏழரை முதல் எட்டரை வரை டிவி வேண்டாம், எட்டரைக்கு நாடகம் பார்க்கலாம் என்று ஒப்பந்தம் செய். நாடகத்தை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், அதற்கு முந்திய ஒரு மணி நேரத்தைக் கேட்டால் வராது. தம்பி தங்கைகளையும் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுத உட்காரவைத்துவிடு.

அந்த நேரத்தில் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்காதே. ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் நடத்திய சோதனையில், மீண்டும் மீண்டும் வாசித்தவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். 50 நிமிடத்தை இப்படிப் பிரி: முதல் 5 நிமிடம் எந்தக் கேள்வி என்று எழுது, 35 நிமிடம் புத்தகத்தை மூடிவைத்து விடை எழுது, கடைசி 10 நிமிடம் சரிபார்த்து விட்டுப்போனதைச் சிவப்பில் குறி. வரலாற்றில் இருந்து தொடங்கு. 2013 முதல் அதில் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். (படிவம் 5 இறுதித் தேர்வு) சான்றிதழ் கிடையாது, அதோடு எழுதிப் படித்தால் சீக்கிரம் பலன் தெரியும் பாடமும் அதுதான்.

கேள்வி: தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மாணவர் குறைவு, ஆசிரியரும் குறைவு. ஒவ்வொருவருக்கும் நான்கைந்து பொறுப்பு. அறிக்கை எழுத நேரம் ஒதுக்கினாலும் ஒருபோதும் முடிவதில்லை.

பதில்: ஒதுக்கும் நேரமே குறைவாக இருக்கலாம். 1994-இல் கனடாவில் புலர், கிரிஃபின், ராஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆய்வேடு எழுதும் மாணவர்களை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் முடியும் என்றார்கள்; ஆனது 55 நாளுக்கு மேல். சென்ற முறை அந்த அறிக்கைக்கு உண்மையில் எவ்வளவு ஆனதோ அதையே இம்முறைக்கும் வையுங்கள். தெரியாவிட்டால், தோன்றும் நேரத்தோடு பாதியைக் கூட்டுங்கள்.

அரை மணிப் பாடவேளை ஓய்வில் அறிக்கையைத் திறக்காதீர்கள். வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுக்க அழைப்பு எப்போதும் வரலாம். அந்த அரை மணியில் புத்தகம் திருத்துங்கள், வருகைப் பதிவை முடியுங்கள். அறிக்கைக்குப் பள்ளி முடிந்தபின் வாரம் ஒரு முறை 90 நிமிடம், அதே கிழமை, ஆளில்லாத வகுப்பறையில். ஆசிரியர் அறையில் உட்கார்ந்தால் யாராவது பேச வருவார்கள். உங்களைப்போலவே சுமையுள்ள இன்னோர் ஆசிரியருடன் ஒப்பந்தம் செய்துகொள்வது இன்னும் நல்லது: செவ்வாய் அவர் உங்களைத் தேடி வருபவர்களுக்குப் பதில் சொல்வார், வியாழன் நீங்கள் அவருக்கு. தலைமையாசிரியரிடமும் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: மில்லில் கொதிகலன் பிரிவில் வேலை. கொதிகலன் இயக்குநர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் 'தினமும் ஒரே நேரம்' என்ற யோசனை எனக்கு உதவவில்லை.

பதில்: கடிகாரத்தை விட்டுவிடுங்கள் தம்பி. ஒரு நிகழ்ச்சியோடு படிப்பைக் கட்டுங்கள்: "எழுந்து குளித்துப் பசியாறி முடித்ததும், மேசையில் உட்கார்ந்து 45 நிமிடம்." அது காலை எட்டாக இருக்கலாம், மாலை ஐந்தாக இருக்கலாம். இன்னது நடந்ததும் இன்னது செய்வேன் என்று முன்கூட்டி முடிவெடுப்பவர்கள், வெறும் ஆசையோடு நிற்பவர்களைவிட அதிகம் செய்துமுடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தொடர்ந்து காட்டியிருக்கிறார். எழுந்தவுடன் 15 முதல் 30 நிமிடம் மூளை மந்தமாகவே இருக்கும்; குளித்துப் பசியாறும் நேரம் அதற்குச் சரியாக இருக்கும்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் படிக்க உட்காராதீர்கள், முதலில் தூங்குங்கள். ஷிப்ட் மாறும் முதல் நாளில் படிப்பே வேண்டாம், அந்த நாளை முன்பே கழித்துத் திட்டம் போடுங்கள். பணி நேரத்தில் கொதிகலன் முன்னால் எக்காரணம் கொண்டும் புத்தகம் திறக்க வேண்டாம். நீர்மட்டம் இறங்குவதைக் காணத் தவறினால் குழாய்கள் சூடேறி வெடிக்கும், ஆள் உயிர் போகும். பணியில் செய்த ஒவ்வொரு செயலையும், நீர்மட்டக் கண்ணாடியைச் சோதித்தது, அடிநீர் வெளியேற்றியது என, வீட்டுக்கு வந்து உறங்கி எழுந்தபின் படிப்படியாக எழுதிப் பாருங்கள். ஏன் அந்த வரிசை என்பதையும் எழுதுங்கள். எழுத முடியாமல் நிற்கும் இடத்தை அடுத்த 45 நிமிடத்துக்கு வையுங்கள்.

கோப்பியைப் பற்றியும் ஒரு சொல். உடலில் உள்ள காஃபினில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு ஷிப்ட் முடிகிறது என்றால் அதிகாலை ஒரு மணிக்குப் பிறகு கோப்பி வேண்டாம். படுக்கும் அறைச் சன்னலுக்குக் கெட்டித் துணி போட்டுவிட்டு, பகலில் யார் எழுப்பலாம், எதற்கு எழுப்பலாம் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் படுங்கள்.